ரிவர்ஸில் ஏறிய தேர்

அம்மனுக்கு இந்த வருடம் லொறி கிடையாது என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லிவிட்டதாக, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் மேற்பார்வைக் கண்டாக்கு ஐயா அறிவித்தார். அதற்கு முந்திய மாதம் தோட்டத்தில் மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. அதில் அம்மன் கலந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் தண்டனை அவளுக்கும் சேர்த்தே விழுந்தது.

கொட்டகலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். கோயில் தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கில். திருவிழாவின் கடைசி நாள், தேர் கீழ்க்கணக்கில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிவிட்டு, ஒன்றரை மைல் ஏற்றத்தில் மேல்கணக்குக்குப் போக வேண்டும். தேர் என்றதும் சிற்பம் செதுக்கிய மரத்தேரை நினைத்துவிடக் கூடாது. ஊரார் சேர்ந்து வாங்கிய நான்கு சக்கர டிரெயிலர். அதன்மேல் மூங்கிலும் ஜிகினாத் தாளும். முன்பெல்லாம் வடம் பிடித்துத்தான் இழுத்தார்களாம். இரண்டாம் வளைவில் வடம் அறுந்து ஒருவருக்குக் கால் முறிந்த பிறகு, துரையின் லொறி இழுப்பது வழக்கமாகிவிட்டது. தேர் வராவிட்டால் மேல்கணக்குக்காரர்களுக்குத் திருவிழாவே இல்லை. அதைவிட, துரை ஜெயித்துவிடுவார். அதுதான் எங்களால் பொறுக்க முடியாததாக இருந்தது.

“லொறி இல்லாட்டி என்னா? நம்மகிட்ட பிக்கப்பு இருக்கு” என்று மாமா சொன்னார்.

‘நம்மகிட்ட’ என்றால், அம்மாவின் தம்பியான மாமா சம்பளத்துக்கு ஓட்டிய பிக்கப். கொட்டகலைக் கடைவீதியில் மரக்கறி வியாபாரம் செய்த, எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிட்ட முஸ்லிம் முதலாளிக்குச் சொந்தமானது. மாமா போய்க் கேட்டதற்கு நானா தாடியைத் தடவிக்கொண்டு, “அம்மன் ஒங்கட, பிக்கப் என்ட. ஒடஞ்சா நீயோ அம்மனோ, ரெண்டு பேர்ல ஒராள் எனக்குப் பதில் சொல்லோணும்” என்றாராம். பத்து நாளுக்குச் சாவி கிடைத்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ப் படித்தேன். எங்கள் லயத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் திமிருக்குக் குறைச்சல் இல்லை. கண்டாக்கு ஐயாவின் மகளும் என் வகுப்புத்தான்.

“ஒங்க மாமா பிக்கப்பு கோவா கரட்டு மூட்டய இழுக்கும். கோயில இழுக்குமாடி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“இழுக்கும். இழுக்காட்டி நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கே வரல, போ!”

சொன்ன பிறகுதான், என் படிப்பை ஒரு கிழட்டு எஞ்சினில் கட்டிவிட்டேன் என்று உறைத்தது.

மாமா எங்கள் லயத்து முற்றத்தில் தார்ப்பாய் கட்டி எஞ்சினைப் பிரித்தார். அதற்குப் பலம் ஏற்ற வேண்டும் என்றார். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி ஹட்டனில் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு மயிரிழை சீவிக்கொண்டு வந்தார். உள்ளே இடம் குறைந்தால் புகை இறுகும், இறுகினால் உதை கூடும் என்பது அவர் சாஸ்திரம். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்கினார். வால்வுகளை உரசித் தேய்க்கும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். இரண்டு நாள் கையில் சோறு பிசைய முடியவில்லை. நான்காம் வீட்டுப் பெரியம்மா, “பொம்பளப் புள்ளய மெக்கானிக்குக்கா கட்டிக் குடுக்கப் போற?” என்று அம்மாவிடம் கேட்டார். “மெக்கானிக்காவே ஆகட்டுமே” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவருக்கும் மாமாவுக்கும் ஏதோ ஒரு கல்யாணத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே முற்றத்தில் மூன்றடி தூரத்தில் நின்றாலும் அம்மா வழியாகத்தான் பேசுவார்கள்.

“ஒந் தம்பிகிட்ட சொல்லு. ஏறுறது பெருசில்ல. ஏத்தத்துல நிக்கணும்.”

“மச்சான்கிட்ட சொல்லுக்கா. நிக்கிறதுக்கா நான் எஞ்சின் செய்யிறேன்?”

அம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரெயிலரில் கல் ஏற்றிச் சோதித்துப் பார்த்தோம். முதல் வளைவில் பிக்கப் போட்ட சத்தத்தில் மலைக்கு மலை எதிரொலி. நான் கைதட்டிக்கொண்டே ஓடினேன். இரண்டாம் வளைவில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்டது. ரேடியேட்டர் விசிலடித்தது. கிளட்ச் கருகும் நாற்றம். பிறகு, பெரிய சத்தமெல்லாம் இல்லாமல், ஏதோ யோசித்து முடிவெடுத்ததுபோல் பிக்கப் பின்னால் வழுக்கித் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்தது.

குடையோடு நின்றிருந்த கண்டாக்கு ஐயா, “ரெண்டு மாட்டையும் சேத்துக் கட்டிப் பாருங்கடா” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை தேர். மாமா படியில் உட்கார்ந்து பீடியாகப் பிடித்துத் தள்ளினார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பிக்கப்பின் முன்பெட்டியில், எண்ணெய்க் கறையோடு அட்டை கிழிந்து கிடந்த, அந்த வண்டியைப் பற்றிய இங்கிலீஷ்ப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டினேன். பாதி புரியவில்லை. ஒரு பக்கத்தில் கியர்களின் பட்டியலும், எண் பெரிதானால் இழுவை கூடும் என்ற குறிப்பும் இருந்தன. முதல் கியருக்கு நேரே இருந்த எண்தான் பெரிது என்று நினைத்திருந்தேன். அதற்கும் கீழே, ரிவர்ஸுக்கு நேரே, அதைவிடப் பெரிய எண் இருந்தது.

“மாமா, இந்த வண்டிக்குப் பின்னால போறதுலதான் பலம் சாஸ்தி!”

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். பிறகு பீடியைக் காலால் தேய்த்துவிட்டு என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அன்றைக்கே பட்டறைக்குப் போய், பிக்கப்பின் முன்பக்கத்தில் கொக்கி ஒன்றை வெல்டிங் வைத்தோம். டிரெயிலரை முன்னால் மாட்டிக்கொண்டு பின்பக்கமாகவே மலை ஏறுவது திட்டம். அப்படி ஏறும்போது இழுக்கிற பின்சக்கரங்களுக்குப் பாரம் போதாமல் சுழலும் என்று மாமா சொன்னார். பாரம் வேண்டும், ஆனால் கல் வேண்டாம். தேவைப்பட்டால் குதித்து இறங்கக்கூடிய பாரமாக இருக்க வேண்டும். எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். குண்டாக இருப்பவர்கள்தான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னதில், நான்காம் வீட்டுப் பெரியம்மா, “ஒங்கம்மா என்னா பஞ்சு மூட்டயா?” என்று அம்மாவையும் இழுத்து ஏற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டோம். தேருக்குப் பின்னால் ஒருத்தரும் வரக்கூடாது, எல்லோரும் முன்னால் நடக்க வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பிக்கப்பின் பின்பெட்டியில் எட்டுப் பெண்கள் மலைபோல் உட்கார்ந்திருந்ததால் மாமாவுக்கு வழி தெரியவில்லை. நான் பின்பலகை ஓரமாக நின்று “சோத்தாங்கைப் பக்கம்! நொட்டாங்கைப் பக்கம்!” என்று கத்தினேன். மாமா நேரே அம்மனைப் பார்த்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பினார். வழியெல்லாம் சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“அம்மனுக்கு முதுகு காட்டாமப் போறான் பாரு! என்னா பக்தி!”

“பக்தி இல்ல, கியர்!” என்று நான் கத்தியதைத் தப்பு மேளச் சத்தம் விழுங்கிவிட்டது.

இரண்டாம் வளைவை எஞ்சின் முனகிக்கொண்டே தாண்டியது. மூன்றாம் வளைவில் துரையின் கார் எதிரே இறங்கி வந்தது. ஒரு வண்டிக்கு மட்டுமே இடமுள்ள ரோட்டு.

“மாமா, தொர காரு!”

“நிக்குதா, வருதா?”

“வருது!”

“நம்ம நிக்க முடியாது தாயி. நின்னா திரும்பக் கெளம்பாது. அவர நிக்கச் சொல்லு!”

ஹார்ன் அலறியது. முன்னால் நடந்தவர்கள் தேயிலைக்குள் ஒதுங்கினார்கள். குதித்து இறங்கத் தோதான பாரம் என்று நாங்கள் ஏற்றியிருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அசையவில்லை. அம்மா எழுந்து நின்றாள். பெரட்டில் துரை முன் தலையை மூடிய கொங்காணித் துணியும் தரையில் கண்ணுமாக நிற்கிற அம்மா, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோழி விரட்டுவதுபோல் வீசினாள்.

“பின்னுக்குப் போங்க தொர! அம்மன் வருது! பின்னுக்கு, பின்னுக்கு!”

மற்ற ஏழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். இடைவெளி பத்தடியானது, ஐந்தடியானது. கண்ணாடிக்கு உள்ளே துரையின் முகம் தக்காளிபோல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். பிறகு அவரது கார் ஒரு தடவை குலுங்கி, பின்பக்கமாக ஏறத் தொடங்கியது.

மேல்கணக்குக்காரர்கள் தேங்காயும் கற்பூரமுமாகக் காத்திருந்தார்கள். அவர்கள் முதலில் கண்டது, கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தபடி ரிவர்ஸில் வந்த துரையை. அவரை விரட்டிக்கொண்டு எட்டுப் பெண்கள். அப்புறம் புகை கக்கிக்கொண்டு பிக்கப். அந்த ஊர்வலத்தில் அம்மன் ஒருத்திதான் நேர்முகமாக வந்தாள். கூட்டம் எழுப்பிய குலவைச் சத்தம் கீழ்க்கணக்கு வரைக்கும் கேட்டதாம்.

மாமா இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது. அவர் அடுத்த வாரமே வந்து எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டுப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் கண்டாக்கு ஐயாவின் மகளுக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. தேர் நின்றதும், நடந்ததையெல்லாம் சொல்ல அப்பாவைத் தேடினேன். முன்னால் நடந்து வந்தவர்களில் அவர் இல்லை. தேரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோது அங்கே தனியாக நின்றிருந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில் தொடை மொத்தத்தில் ஒரு கட்டை. தேரின் பின்சக்கரத்தை ஒட்டியே அதைத் தூக்கிக்கொண்டு, ஒன்றரை மைலும் குனிந்தபடி வந்திருக்கிறார்.

“தொரைக்குப் பயந்துக்கிட்டா பின்னால ஒளிஞ்சு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றார் அப்பா. “நீ சாப்பிட்டியா?”

அதற்குள் மாமா இலையில் முதல் பங்குச் சுண்டலை ஏந்திக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அப்பாவிடம் கொடுத்தார். இந்தத் தடவை அம்மா வழியாக இல்லை. கட்டையைப் பிடித்தே வந்த அப்பாவின் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருந்ததால் மாமாவே இலையை அவர் கைக்குள் வைத்து அழுத்தினார்.

புத்தகத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தவள் நான். எனக்கல்லவா முதல் பங்கு? கோபத்தில் இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பாரம், எந்தப் பெரியம்மா எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று அவ்வளவும் கணக்குப் போட்டவள் நான். அந்த ஒற்றைக் கொக்கி விட்டிருந்தால் சக்கரத்துக்கு யார் கட்டை போட்டிருப்பார், தேர் முதலில் யார் மேல் வந்து விழுந்திருக்கும் என்ற கணக்கு மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.