எண்ணெய் போட்ட எட்டு போல்ட்டு

தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டிருந்தால் ரயில் வந்தே தீரும் என்று ஒன்பது வயதில் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பாவின் சிவப்புக் கைலியை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு நடுப்பாதையில் போய் நின்றேன்.

பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ரயில் கம்பிச் சடக்கு. இடுப்புயரம் லாலான் புல், பாதிக்கு மேல் மக்கிப்போன சிலிப்பர் கட்டைகள். செத்த பாதை என்றுதான் கம்பத்துச் சனம் முழுக்கச் சொல்லும். அந்தத் தைரியத்தில் சித்தி ஞாயிறுதோறும் அதன்மேல் பாய் விரித்து மிளகாய் காயவைப்பார். அம்மாவின் தங்கை, எங்களோடு தங்கி ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோழி விரட்டுகிறேன் என்று கதைப்புத்தகத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

ஒரு ஞாயிறு, பாய்க்குப் பக்கத்தில் தண்டவாளம் இணையும் இடத்தில் போல்ட்டுகள் பளபளத்தன. புது எண்ணெய்! சித்தியை எழுந்து வரச்சொல்லிக் கெஞ்சினேன்.

"போடா லூசு," என்றார் சித்தி. அப்போதுதான் கைலி.

கொடியோடு நின்ற என்னிடம் எண்ணெய் டின்னோடு ஒருவர் வந்தார். ரயில்வேயில் பாதை பழுது பார்ப்பவர், காக்கிச் சட்டை.

"அண்ணே, ரயில் எப்ப வரும்?"

"வரும்லா தம்பி. அதுக்குத்தானே எண்ணெய்."

சொன்னது என்னிடம், பார்த்தது மிளகாய்ப் பக்கம். சித்தி அதன் பிறகு ஒரு பக்கமும் புரட்டவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பாதை நெடுக ஆய்வு செய்தேன். ஒரு பக்கம் எல்லா போல்ட்டும் துரு. மறுபக்கம் ஒரு தண்டவாளத்தையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ரயில் நொண்டியடித்து வந்தால்தான் உண்டு. குழம்பிப்போய், சாப்பிடும்போது அப்பாவிடமே கேட்டேன்.

"நம்ம வீட்டுக்குப் பின்னால மட்டும் எட்டு போல்ட்டுக்கு எண்ணெய் போட்டா ரயில் எப்படிப்பா வரும்?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "எட்டுக்கு மட்டுமா? யாருடா போடுறது?"

"காக்கிச் சட்டை அண்ணே. ஞாயித்துக்கெழம லீவுலகூட வந்து போடுறாருப்பா."

சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனார். கண் கலங்கியிருந்தது. ரயில் பயம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன்.

"பயப்படாத சித்தி, நான் கொடி பிடிக்கிறேன்."

தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எதற்கு இரண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா பின்வாசலில் காத்திருந்து காக்கிச் சட்டைக்காரரை உள்ளே கூப்பிட்டார். நாற்காலி போட்டார்.

"இந்தப் பாதைய மூடி ஆறு வருசமாச்சே, தெரியாதா தம்பி?"

"தெரியும்ண்ணே," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ரயில் கடைசிவரை வரவில்லை. அவர் தை மாதம் சித்தியைக் கட்டிக்கொண்டார்.