பூ வைக்காத அறிவியல் டீச்சர்

என் கைப்பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கும். ரப்பர் வளையம் வைத்து, திருகி மூடுகிற ரகம். சாம்பார் ஒழுகக் கூடாதென்று யாரோ யோசித்துச் செய்ததை நான் மல்லிகைப் பூவுக்காக வாங்கினேன். சமயநல்லூரில் எங்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் பூக்காரம்மா வந்துவிடுவார். ஒரு முழம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவுக்குள் வைத்து இறுக மூடி, மூக்கருகே கொண்டுபோய்ச் சரிபார்த்த பிறகுதான் ஸ்கூட்டியைக் கிளப்புவேன். பின்னால் அறிவியல் டீச்சர் உட்கார்ந்திருப்பார். கோச்சடையில் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தெருமுனை திரும்பி நின்று, வண்டிக் கண்ணாடியைப் பார்த்துப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வேன். மதுரையில் பிறந்துவிட்டு மல்லிகையை ஒளித்து வைத்துக்கொண்டு அலைகிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இத்தனைக்கும் முன்பெல்லாம் எங்கள் இருவரில் பூப்பைத்தியம் அவர்தான். ஆசிரியர் அறையில் அவர் எழுந்துபோன பிறகும் நாற்காலியில் வாசனை உட்கார்ந்திருக்கும். பூக்காரம்மாவிடம் அளவுக்குச் சண்டை போட்டு முழங்கையைத் தாண்டி ஒரு விரற்கடையாவது கூடுதலாக வாங்கிவிடுவார். அவருடைய வளைகாப்புக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் தடவி, பையனா பெண்ணா என்று பந்தயம் கட்டி, புளியோதரையும் தயிர்ச்சோறும் சாப்பிட்டு வந்தோம். எட்டாம் மாதத்தில் ஒருநாள் குழந்தையின் அசைவு நின்றுபோனது. உயிரில்லாமல்தான் பிறந்தான்.

விடுப்பு முடிந்து அவர் திரும்பி வந்தபோது, காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவரை விசாரிப்பதுபோல விசாரித்தோம். நல்லா இருக்கீங்களா, சாப்பிடுறீங்களா. அதோடு சரி. அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று யாரும் யாருக்கும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. பாடத்தை அவர் முன்போலவேதான் நடத்தினார். ஆனால் பின்பெஞ்சில் டிபன் பாக்ஸ் விழுந்தால் உடம்பு தூக்கிப்போடும். பாதி வகுப்பில் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்க் குழாயடியில் நின்றுகொண்டிருப்பார். பஸ்ஸில் ஏதாவது கைக்குழந்தை அழுதால் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். ஒருநாள் அப்படி இறங்கி வெயிலில் நின்றவரைப் பார்த்துவிட்டுத்தான், இனிமேல் என்னோடு வண்டியில் வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே வினை வந்தது. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நான் வண்டி ஓட்ட, எதிர்காற்று அந்த வாசனையை அப்படியே வாரிக்கொண்டுபோய்ப் பின்னால் இருந்தவர் முகத்தில் அடித்திருக்கிறது. வைகைப் பாலத்தின் நடுவில் வரும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நிறுத்துங்க டீச்சர், நிறுத்துங்க." வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். முகம் கழுவினார்.

"என்ன டீச்சர், வண்டி ஆகலையா?"

"வண்டி இல்ல. பூவு."

மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. இருந்தாலும் நான் வண்டியை எடுக்கவில்லை. "பூவு என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை, வாயில் வந்தது. அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் சொல்லத் தொடங்கினார்.

"செத்த பிள்ளைக்கும் பால் சுரக்கும்னு எனக்கு யாருமே சொல்லல டீச்சர். நானே சயின்ஸ் டீச்சர். எம்புட்டு பாடம் நடத்தியிருக்கேன். எனக்கே தோணல பாருங்க. மூணாம் நாளு மாரு ரெண்டும் கல்லாட்டம் கட்டிக்கிருச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை அழுகும், எனக்குச் சேலை நனைஞ்சு போகும். அது அழுக அழுக எனக்கு ஊறுது. எங்கம்மாதான் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி மல்லி வாங்கியாரச் சொல்லி, பழைய வேட்டியக் கிழிச்சு, மாருல பூவ வச்சு இறுக்கிக் கட்டுச்சு. பால் வத்திரும்த்தா, எல்லாம் மறந்துரும்னு சொல்லிக்கிட்டே கட்டுச்சு. பூவு வாடிப்போச்சு. பால் நிக்கல. பாலும் பூவும் சேந்து புளிச்சு ஒரு வாடை வந்துச்சு பாருங்க, அது இன்னும் போகல. குளிச்சாலும் போகல."

மல்லிகையை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கிற பெண்கள்கூடச் செய்வதுதான். அவருடைய அம்மா பாசத்தில்தான் செய்தார். கட்டும்போது அந்த அம்மாவும் அழுதுகொண்டேதான் கட்டினாராம். பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் இருந்ததும் அதே பாசத்தில்தான். பார்த்தால் தாங்க மாட்டாள் என்று துண்டில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் போய் வைகைக் கரையோரம் எங்கேயோ அடக்கம் செய்துவிட்டு வந்தார். எந்த இடம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. "இந்தப் பாலத்துல போறப்பயும் வாரப்பயும் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே போவேன் டீச்சர்," என்றார். நான் தலையிலிருந்த பூவை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தேன். மறுநாள் அந்த டப்பாவை வாங்கினேன்.

பிறகு அவர் மனநல மருத்துவரிடம் போனார். என் பொண்ணு என்ன பைத்தியமா என்று அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அந்த மருத்துவர் மாத்திரை கொடுத்ததைவிட, பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். மனம் தள்ளி வைத்தாலும் உடம்பு மறக்காது, இது உங்கள் பலவீனம் இல்லை என்று சொன்னாராம். ஒவ்வொரு முறையும் நான்தான் வண்டியில் கூட்டிப்போவேன். திரும்பும்போது சில நாள் பேசிக்கொண்டே வருவார். சில நாள் என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வருவார்.

அடுத்த முறை அவர் உண்டானபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் பயம். ஆனால் பிள்ளை தங்குமா என்பதைவிட இன்னொரு பயம்தான் அவரை அதிகம் தின்றது என்பது எனக்கு மருத்துவமனையில்தான் புரிந்தது. அவரும் அவருடைய அம்மாவும் நானும் போயிருந்தோம். நர்ஸ் தலையை நிமிர்த்தாமல், "மொத பிரசவமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, இதான் மொதப் பிள்ளை," என்றார் அம்மா.

டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகியது. "இல்ல சிஸ்டர். ரெண்டாவது. மூத்த பையன் எட்டு மாசத்துல வயித்துலயே தவறிட்டான்."

"ஏத்தா, நல்ல காரியமா வந்த எடத்துல அதை எதுக்குச் சொல்ற?"

நர்ஸ் நிமிர்ந்தார். "சொல்லணும்மா. டாக்டருக்குத் தெரியணும்ல," என்றவர், டீச்சரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பேரு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார். யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி அது. டீச்சர் ஒரு பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்கே அது அன்றுதான் தெரிந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர்.

ஏழாம் மாதம் வந்ததும், இதுதான் முதல் வளைகாப்பு என்பதுபோல ஊரைக் கூட்டிச் செய்துவிட வேண்டும் என்று அம்மா கிளம்பினார். போனது கணக்கில் இல்லை என்று ஆக்கிவிட்டால் திருஷ்டியும் சேர்ந்து போய்விடும் என்பது அவருடைய எண்ணம். மகள் ஒரே வரியில் முடித்துவிட்டார். "மொத வளைகாப்பு அவனுக்குப் போட்டாச்சும்மா." அம்மா சமையலறைக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் காப்பி இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

போன மாதம் எங்கள் பள்ளியில் ஆண்டுவிழா. பாப்பாவையும் கூட்டி வந்திருந்தார். இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். திரும்பும்போது வண்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தவள், கொக்கியில் மாட்டியிருந்த பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்துத் திருகித் திறந்துவிட்டாள். பாலத்தில் அப்போதுதான் ஏறியிருந்தோம். வாசனை கிளம்பியதும் நான் பிரேக்கைப் பிடித்தேன். பின்னால் அவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

"அம்மா, பூவு! எனக்கு வச்சு விடும்மா."

நான் டப்பாவைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். முகம் வெளுத்திருந்தது. இறங்கிச் சுவரோரம் கொஞ்சம் நின்றுவிட்டு வந்து சொன்னார். "ரெண்டாக் கிள்ளிக் குடுங்க டீச்சர்."

கிள்ளிக் கொடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு துண்டைப் பாப்பாவின் குட்டைச் சடையில் செருகினார். ஊக்கு இரண்டு முறை கீழே விழுந்தது.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"அண்ணனுக்கு."

பாப்பாவுக்கு அண்ணனைத் தெரியும். வீட்டில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள். அவளுக்குச் சந்தேகம் வேறு. "அண்ணன் பையன்ல? பையன் எங்கயாச்சும் பூ வைப்பானா?"

டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது, எனக்கும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி விரல்களை விரித்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. பூ மணலில் போய் விழுந்தது.

"தண்ணி வாரப்ப எடுத்துக்கிருவான்," என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்து, கையை மூக்குக்கு எட்டாத தூரத்தில் நீட்டி வைத்துக்கொண்டார். அந்த வாசனை அவருக்கு இன்றைக்கும் ஆகாது. மறுநாளும் நான் பூவை டப்பாவில் வைத்து இறுக மூடித்தான் கொண்டுவந்தேன். ஆண்டுவிழாவன்று மட்டும் டப்பா காலி. என் தலையிலும் பூ இல்லை. வாங்கிய ஒரு முழம் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சரியாகப் போயிருந்தது.