செவெல்மாவின் மூக்கும் ஜாம்பலின் ஹீட்டரும்

என் மனைவி செவெல்மாவுக்கு இருப்பது மூக்கு அல்ல, போலீஸ் ஸ்டேஷன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் நான் திருட்டுத்தனமாகப் பிடித்த ஒரு சிகரெட்கூட அதனிடமிருந்து தப்பியதில்லை. எங்கள் ஊரான தாரியாத்தில் அவளுக்கு ஒரு கார் பட்டறை, அதை ஒட்டினாற்போல என் டீக்கடை. குளிர் தொடங்கி ஊரே ஹீட்டர் போட ஆரம்பித்ததும் அவள் காட்டில் மழைதான்.

வண்டிக்குள் தலையை நீட்டி ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள். வாடை தித்திப்பாக இருந்தால் ஹீட்டரில் கூலண்ட் கசிகிறது என்பாள். எண்ணெய் கருகினால் அது இன்ஜின் பக்கத்து ஒழுகல், ஈரச் சாக்கு வாடை என்றால் பூஞ்சை. கண்டுபிடிப்பது பெரிதில்லை, கண்டுபிடித்ததை அப்படியே சொல்லித் தொலைப்பாள், அதுதான் வம்பு. "ஹீட்டர்ல ஒண்ணுமில்ல வாத்தியாரே, நாறுறது உங்க சாக்ஸ்" என்று எங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் பத்துப் பேர் முன்னால் சொன்னவள் அவள். போன டிசம்பர் வரை வாடை விஷயத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த டிசம்பரில்தான் ஒரு மத்தியானம் ஜாம்பல் வந்து நின்றான். மறுநாள் காலை அவன் மனைவி உயங்காவை நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செச்செர்லெக் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிறைமாதம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து. ஹீட்டரைப் போட்டால் நாற்றத்தில் அவள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிறாள், அணைத்தால் விறைத்துப்போவாள்.

"எப்படியாவது பண்ணுங்கக்கா. ஃபில்டர் மாத்திப் பார்த்துட்டேன். சென்ட் அட்டைகூட மூணு தொங்கவிட்டிருக்கேன்."

"முதல்ல அந்த மூணையும் தூக்கி எறி. நாத்தத்துக்கு மாலை போட்டு வச்சிருக்கான் பாரு!"

வெளிக்காற்று வராமல் அடைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டாள். வண்டிக்குள் இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்தது, பெரிதாக வாடை இல்லை. பிறகு வெளிக்காற்றைத் திறந்தாள். அடுத்த நொடி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள்.

"தித்திப்புமில்ல, கருகலுமில்ல. வெளிக்காத்து நுழையற வழியிலதான் ஏதோ கிடக்கு. எலி செத்திருக்கும்."

வைப்பரைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினாள். எலி இல்லை. காற்று போகும் துவாரத்தைச் சுற்றி விரல் தடிமனுக்கு மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

"டேய், இது பால்டா! யாக் பால் திரிஞ்சு, காஞ்சு, மறுபடி திரிஞ்சு... உன் வண்டி மேல உட்கார்ந்து யாருடா பால் கறக்கிறது?"

ஜாம்பலின் முகம் சிவந்துவிட்டது. "எங்கம்மாதான்க்கா."

எங்களில் பால் தெளிக்காமல் பிள்ளையை வழியனுப்பும் தாய் கிடையாது. பாதையில் நாலு சொட்டு, சக்கரத்தில் நாலு சொட்டு, அவ்வளவுதான் வழக்கம். ஆனால் மூன்று வருடம் முன்பு பனிமூட்டத்தில் பாதை தெரியாமல் ஜாம்பல் ஆற்றில் வண்டியை இறக்கினான். அன்றிலிருந்து அவன் அம்மா தோல்கோர் அகப்பை அகப்பையாக முன் கண்ணாடியிலேயே வீசுகிறாள். கண்ணாடிதான் வண்டிக்குக் கண்ணாம். வீசிய பால் உறைந்து நிற்கும், ஹீட்டர் சூடேறியதும் உருகி நேராக உள்ளே போகும்.

"கழுவிடலாம். ஆனா காலையில உங்கம்மா திரும்ப ஊத்துவாங்களே?"

"ஊத்தத்தான் செய்வாங்க. வேண்டாம்னு தடுத்து, அப்புறம் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க மனசு தாங்காதுக்கா. நான் சொல்லமாட்டேன்."

"அப்ப நான் சொல்றேன்."

தலைமையாசிரியரின் சாக்ஸ் என் கண்முன் வந்து போனது.

சோப்பும் வெந்நீருமாக இரண்டு மணி நேரம் தேய்த்தாள். மறுபடி புது ஃபில்டர் போட்டு, பட்டறைக் கதவைத் திறந்துவைத்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டாள். உயங்காவை வரவழைத்து உள்ளே உட்கார வைத்தோம். அவள் பயந்து பயந்து மூச்சை இழுத்தாள்.

"ஆட்டுக்கறி வாசனை அடிக்குதே!"

"அது இவரு கடையில வேகற பூஸ் கொழுக்கட்டை. அதை என்னால கழுவ முடியாது" என்றாள் என் மனைவி.

காலையில் தோல்கோர் அம்மாள் வாளியும் அகப்பையுமாக வந்துவிட்டாள். செவெல்மா நேராக அவளிடம் போனாள். அவள் பேசுமுன் அந்த அம்மாளே முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, வண்டியில என்னவோ நாத்தம்னாங்களே, என்ன கிடந்தது?"

ஜாம்பல் கண்ணை மூடிக்கொண்டான். என் மனைவி வாயைத் திறந்தாள், மூடினாள்.

"எலிம்மா" என்றாள். "செத்த எலி."

என் கையிலிருந்த டீ பாதி கீழே போயிற்று.

"ஆனா ஒண்ணும்மா. முன்பக்கம் ஊத்தறது போறதுக்கு, பின்பக்கம் ஊத்தறது திரும்பி வர்றதுக்கு. இன்னிக்கு ரெண்டு பேர் போய் மூணு பேரா திரும்பி வரணும். அதனால பின் சக்கரத்துல ஊத்துங்க."

தோல்கோர் அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அதானே! முன்னாடி ஊத்தி ஊத்தித்தான் இவன் வீடே தங்கறதில்ல!" இரண்டு பின் சக்கரத்திலும் வாளியைக் கவிழ்த்தாள். மிச்சம் இருந்ததை, "நீயும் நல்லா இரு தாயி" என்று செவெல்மாவின் பூட்ஸில் ஊற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் மூன்று பேராகத்தான் திரும்பினார்கள், பெண் குழந்தை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

அந்த பூட்ஸ் இன்னும் எங்கள் அடுப்பு ஓரத்தில்தான் காய்கிறது. டீ குடிக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். கழுவித் தொலையேன் என்றால், "எனக்கு ஒரு வாடையும் தெரியலையே" என்கிறாள்.

அது அவள் சொன்ன இரண்டாவது பொய்.