மூன்றாம் கேமரா அண்ணன்

என் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் பச்சை நிற சர்க்யூட் போர்டு ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அகலம். ஓரத்தில் மார்க்கரால் நான் எழுதிய 3 என்ற எண் பாதி அழிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களே குறைவு. வருகிற ஒன்றிரண்டு பேரும், சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் இது என்ன குப்பை என்பது போலப் பார்ப்பார்கள். கெட்டுப்போன போர்டு என்று சொல்வேன். கெட்டுப்போனதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. உத்தமபாளையத்தில் ஒரு கேபிள் டிவிக்காரர் சொந்தமாக உள்ளூர் சேனல் நடத்தினார். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எந்த ஊரில் திருவிழா என்றாலும் நேரடி ஒளிபரப்புதான். நான் அங்கே மிக்சர் ஆபரேட்டர். பல கேமராக்களிலிருந்து வரும் படங்களில் எது வீடுகளுக்குப் போக வேண்டும் என்று பட்டனை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்கு வீடியோ ஸ்விட்சர் என்று பெயர். நாங்கள் மிக்சர் என்போம். ஏதோ ஒரு பெரிய டிவி நிலையம் வேண்டாம் என்று கழித்ததை முதலாளி மதுரையில் பிடித்து வந்து ஒரு பழைய வேனுக்குள் பொருத்தியிருந்தார். அந்த வேனுக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நானும் நாலைந்து சின்ன டிவிகளும் ஒரு டேபிள் ஃபேனும்தான். திருவிழாவுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் திருவிழா பார்க்காத ஒரே ஆள் நானாக இருப்பேன். அப்போது அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணமும் நிலைக்காமல், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தான் உயிரோடு இருக்கும் வரை மகள் என்று நான் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா அப்பாவை மீறி ஒரு வார்த்தை பேச மாட்டாள். போன் அடித்தால் அப்பாதான் எடுப்பார், நான் வைத்துவிடுவேன். அப்படிப்பட்டவளுக்கு ஜன்னல் இல்லாத வேனில் என்ன குறை இருக்க முடியும்?

கேமராக்காரர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் மூன்றாம் கேமரா அண்ணன். கம்பத்துக்காரர், மற்ற நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவர். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி என்று உயரமான இடங்கள் எல்லாம் அவருக்குத்தான். நான் மைக்கில் சொல்வது அவர்கள் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. அதற்கும் சேர்த்து வயர் இழுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அதனால் பதிலைக் கேமராதான் சொல்லும். படம் மேலும் கீழும் ஆடினால் சரி என்று அர்த்தம். இடமும் வலமும் ஆடினால் முடியாது என்று அர்த்தம். எந்தப் படம் ஒளிபரப்பாகிறதோ அந்தக் கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரியும்போது மட்டும் தலையாட்டக் கூடாது, ஏனென்றால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். வேனுக்கு வெளியே நானும் அவரும் அதிகம் பேசியதில்லை. புருஷனை விட்டுவிட்டு வந்தவள் ஒரு ஆணோடு நின்று டீ குடித்தால் ஊர் என்ன பேசும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் கண்டால் கடையின் மறுபக்கம் போய் நின்றுகொள்வார்.

அந்த வருடம் திருவிழாக்கள் தொடங்கிய சமயத்தில் மூன்றாம் பட்டனை அழுத்தினால் படம் கிழிந்து கிழிந்து வந்தது, பிறகு இருட்டாகிவிட்டது. கேமராவில் கோளாறோ என்று அண்ணனுடைய வயரைப் பிடுங்கி இரண்டாம் இடத்தில் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. ஆக, கோளாறு மிக்சருக்குள்தான். ஒவ்வொரு கேமராவுக்கும் உள்ளே தனித்தனி போர்டு உண்டு. இரண்டாம் போர்டை உருவி மூன்றாம் இடத்தில் போட்டபோது அது நன்றாக ஓடியது. மூன்றாம் போர்டுதான் போய்விட்டது என்பது உறுதியானது. மதுரை மெக்கானிக் அதை வைத்துப் பார்த்துவிட்டு, இதிலுள்ள ஐசி சிப் இப்போது கிடைக்காது, வேறு போர்டுதான் தேட வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். நான்காவது போர்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது விளம்பரத்துக்கு. அதில் கை வைக்க முதலாளி விடுவாரா? சென்னையில் பழைய மிக்சர்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

அதுவரை இரண்டு கேமரா போதும், அண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு கேமரான்னு நோட்டீஸ்ல போட்டாச்சு ஆத்தா. படம் வருதோ வரலையோ, ஆளு மாடியில நிக்கணும். கமிட்டிக்காரக அண்ணாந்து பாப்பாக" என்றார். அண்ணனும் மாடியேறினார். அவருடைய கேமரா வயர் முதலில் என் முன்னால் இருந்த சின்ன டிவிக்கு வந்து, அங்கிருந்துதான் மிக்சருக்குப் போனது. எனவே அவர் எடுப்பது எனக்கு மட்டும் தெரியும், உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

வேறு ஒருவராக இருந்தால் கேமராவை ஒரு பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்திருப்பார். இவர் எனக்காக எடுக்கத் தொடங்கினார். மாடியிலிருந்தே பஜ்ஜிக் கடைச் சட்டியை ஜூமில் நெருக்கி, எண்ணெயில் வாழைக்காய் புரள்வதைக் காட்டி வயிற்றெரிச்சலைக் கிளப்புவார். அப்பன் தோளில் தூங்கும் பிள்ளை, அதன் கையிலிருந்து பிரிந்து போகும் பலூன். மேற்கே மலையில் மேகம் இறங்கினால் அதைக் காட்டுவார், நான் மற்றவர்களிடம் பிளாஸ்டிக் உறையை எடுத்து வைக்கச் சொல்வேன். முளைப்பாரி வரிசையில் ஒரு அம்மாள் யாரும் பார்க்காதபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிப்பதை ஒரு நாள் காட்டினார். வேனுக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கூட ஆள் இருப்பது போல இருந்தது எனக்கு.

அடுத்த திருவிழா கோம்பைக்குப் பக்கத்தில் என் சொந்த ஊரில். இரண்டு நாள் ஒளிபரப்பு. வேன் பஸ் ஸ்டாண்டில் நின்றது. அங்கிருந்து மூன்றாவது தெரு எங்கள் தெரு. முதல் நாள் விடிவதற்குள் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அண்ணனுக்குக் கொடுத்த மாடி எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு முடியவில்லை. "அண்ணே, கீழ பச்சைக் கதவு வீடு ஒண்ணு இருக்கும். அங்கன கொஞ்சம் காட்டுறீகளா?" என்று கேட்டேன். ஏன் என்று அவரால் கேட்க முடியாது. படம் மெதுவாக மேலும் கீழும் ஆடியது.

அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து போட்டாள். இடுப்பை வளைத்து, முழங்கால் மடங்காமல், தெருவை அடைக்கிற கோலத்தை ஒரே மூச்சில் போடுகிறவள் அவள். இப்போது ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, கை எட்டுகிற வரை இழுத்துவிட்டு, மணையை நகர்த்தி மறுபடி உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊருக்கு முதல் கேமராவையும் இரண்டாம் கேமராவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே அழுதேன். தீச்சட்டி போய் முடிந்தும் வெறும் தெருவைக் காட்டிக்கொண்டிருக்கிறாயே என்று முதலாளி போனில் கத்தினார். அண்ணன் பச்சைக் கதவை விட்டு நகரவே இல்லை. அம்மா உள்ளே போய்க் கதவு சாத்தும் வரை கேமரா அங்கேயே நின்றது.

மறுநாள் மதியம் முதலாளி வேன் கதவைத் தட்டினார். கையில் பஸ் பார்சல். "வந்துருச்சு ஆத்தா போர்டு. சப்பரம் கிளம்புறதுக்குள்ள மாட்டிரு" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். மாட்டிவிட்டால் அண்ணனின் படம் ஊருக்குச் சொந்தமாகிவிடும். சப்பரத்தை விட்டுவிட்டு யார் வீட்டு வாசலையோ காட்டிக்கொண்டிருக்க அவரால் முடியாது, அப்படி நான் கேட்கவும் கூடாது. இந்தப் போர்டும் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி நம்பியிருப்பார். மைக்கை அழுத்தி, "அண்ணே, போர்டு வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன். படம் இடமும் வலமுமாக ஆடியது. வேண்டாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த வேலையைத் தவிர அன்று என்னுடையது என்று சொல்ல வேறு எதுவும் இல்லை. அதையும் பொய்யாக்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரத்தை நிறுத்தினேன். வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பிலுள்ள மின்னூட்டம் போகட்டும் என்று மிக்சரின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன். பழைய போர்டு இரண்டு பக்கப் பிடியையும் தூக்கியதும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, அதை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். புதியதை ஓரங்களில் பிடித்து, காடியில் பொருத்தி, அடியில் போய்ப் பதியும் வரை உள்ளே தள்ளினேன். மின்சாரம் கொடுத்து மூன்றாம் பட்டனை அழுத்தினேன். படம் வந்தது, ஆனால் லேசாகப் பச்சையடித்தது. மற்ற இரண்டு கேமராக்களோடு நிறம் ஒத்துப்போக, வெள்ளையாக ஏதாவது காட்டுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியைக் காட்டினார். அது வெள்ளை வெளேர் என்று ஆகும் வரை சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகிக்கொண்டிருந்தேன். அப்பா எனக்கு உதவியது அந்த வருடங்களில் அது ஒன்றுதான்.

சப்பரம் பொழுது சாயும் நேரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றது. முதல் கேமரா கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முதுகுகளைக் காட்டியது. இரண்டாவது கேமரா கோயிலில் இருந்தது. தெளிவாக இருந்தது மூன்றாவதுதான். அழுத்தினேன். தேங்காய்த் தட்டோடு அம்மா நின்றாள், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வீட்டுக்கு வீடு டிவியில் நின்றாள். தெருமுனைப் பந்தலில் கமிட்டி கட்டிவைத்த டிவியில் அதைப் பார்த்த பிள்ளைகள் அவள் சேலையை இழுத்து மாடியைக் காட்டினார்கள். அம்மா அண்ணாந்தாள். கேமராவை நேராகப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு வேனில் இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா? அவள் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை எந்த மகளும் உதட்டை வைத்தே படித்துவிடுவாள்.

"சாப்பிட்டியா?"

மைக் பட்டன் என் விரலடியில் இருந்தது. யாருக்கு, என்ன சொல்வது? அப்போதுதான் படம் அசைந்தது. அத்தனை நாள் எரியாத சிவப்பு விளக்கு அவர் கேமராவின் நெற்றியில் எரிந்துகொண்டிருக்க, நேரடி ஒளிபரப்பில், அண்ணன் கேமராவை மேலும் கீழும் ஆட்டினார். ஒரு முறை ஆட்டி நிறுத்தி, இன்னொரு முறையும் ஆட்டினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பூசாரியிடம் நீட்டினாள். நான் இரண்டாம் கேமராவுக்கு மாற்றினேன்.

லைவில் கேமராவை ஆட்டுகிறானே, குடித்திருக்கிறானா என்று முதலாளி குதித்தார். கால் தடுக்கிவிட்டது என்று அண்ணன் சொன்னாராம். உண்மையில் நான் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. எல்லாம் முடிந்து கதவைத் திறந்தபோது வேன் படியில் வாழையிலையில் பஜ்ஜி இருந்தது. ஆளைக் காணவில்லை.

அதன் பிறகு அம்மாவை நான் பார்க்கவில்லை. அவளுடைய படம் ஒரு நாள் கண்ணீர் அஞ்சலி விளம்பரமாக எங்கள் ஆபீசுக்கு வந்தது. நான்காம் பட்டனை நானேதான் அழுத்தினேன். சேனல் கைமாறியது. அண்ணன் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். விசாரித்துப் போகலாம்தான். போய் எதிரே நின்றால் அன்று போலவே இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. இப்போது நான் தேனியில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் செய்கிறேன். திருவிழாவுக்குப் போகிற பையன்கள் கேமராவில் நின்றபடியே வாய் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள், யாருடைய கேமராவும் தலையாட்டுவதில்லை.

வீட்டுக்குத் திரும்பி, ஒரு ஆளுக்குச் சமைத்து, தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். திரும்பும்போது கண் அந்தப் பச்சைப் போர்டில் விழும். சாப்பிட்டியா என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் தலை தானாக மேலும் கீழும் ஆடும், இரண்டு முறை.