மொட்டையடித்த மேடு

கெலிஓயாவில் எங்கள் சமையலறைக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. ஊரைப் பசுமையாக்க என்று மரக்கன்றுகள் கொடுத்தார்கள். பத்து வாங்கினேன். நான் கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் புல் வெட்டியவன். அங்கே மண் பளிச்சென்று தெரிந்தால்தான் வேலை சுத்தம். அதே புத்தியில் சுரண்டியை எடுத்து, மேடு முழுவதும் புல்லைச் சுரண்டிவிட்டுக் கன்று நட்டேன்.

"ஏங்க, மொட்டையடிச்சிட்டீங்களே, மழைக்கு மண்ணு நிக்குமா?" என்றாள் மனைவி செல்வி.

"அதான் மரம் நட்டிருக்கேன்ல?"

"அந்தக் குச்சியா மண்ணப் பிடிக்கப் போகுது?"

வாயை மூடு என்றேன்.

நான்காம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. காயப்போட்ட துணியை எடுக்கச் செல்வி வாசலுக்கு ஓடினாள். அந்த நேரத்தில் மேடு சரிந்து சமையலறைச் சுவரைத் தள்ளியது. ஒரு நிமிடம் முன்பு அவள் நின்றிருந்த அடுப்படியில் இடுப்பளவு மண். கன்றுகளும் அதற்குள்.

கன்று கொடுத்தவர்கள் புல்லை விட்டுவை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆத்திரம் வருகிறது. ஆனால் சொன்னவள் பேச்சை நான் கேட்டேனா?

சுவரைத் திரும்பக் கட்டினோம். மேட்டில் புல்லை வளரவிட்டேன். இப்போது குழி அளவுக்கு மட்டும் புல்லை எடுத்துக் கன்று நடுகிறேன். "மேடு காடாக் கெடக்கு, சுரண்டி தொலைஞ்சிருச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்கிறார். காடாகவே கிடக்கட்டும். அதற்குக் கீழேதான் செல்வி சமைக்கிறாள்.