என்ன சமையல் என்று கேட்கக் கூடாதாம்

தனியாக வசிக்கும் முதியவர்களுக்குத் தினமும் காலையில் போன் செய்து நலம் விசாரிப்பது என் வேலை. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். செங்காங்கிலிருந்து ரயிலேறி வந்து ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியத்துக்குள் முப்பது பேரிடம் பேசியாக வேண்டும்.

நான் யாரிடமும் "உடம்பு எப்படி இருக்கு" என்று ஆரம்பிப்பதில்லை. நம் ஆட்களிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், உயிர் போகிற வலியிலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பேன். மீன் குழம்பு என்றால் மார்க்கெட் வரை நடந்திருக்கிறார். வெறும் கஞ்சி என்றால் ஏதோ சரியில்லை. எட்டு வருடம் பேசிப் பேசி நானாகக் கண்டுபிடித்த வழி இது.

மார்சிலிங்கில் ஒரு அங்கிள். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், மனைவி போன பிறகு தனி ஆள். சமையல் என்று ஆரம்பித்தால் போதும், இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டுச் சம்பாலுக்கு எத்தனை வெங்காயம் என்பது வரை சொல்லுவார். கடைசி வரை தன் வீட்டில், தன் அடுப்படியில் இருக்க வேண்டும், யாரும் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடாது. அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் என்னைவிட இருபது வயது சின்னவள். அவள் வந்ததும் எங்கள் கணினித் திரையில் ஆறு கேள்விகள் வந்தன. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மொத்தம் மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்.

"அக்கா, சமையல் கதையெல்லாம் எதுக்கு? எல்லாரும் ஒரே மாதிரி கேட்டாத்தான் டேட்டா க்ளீனா இருக்கும் லா."

"அப்படிக் கேட்டா அவங்க உண்மைய சொல்ல மாட்டாங்கம்மா."

"தேவையானது எல்லாமே அந்த ஆறு கேள்வில இருக்கு. இன்னொரு தடவை டைம் தாண்டினீங்கன்னா வார்னிங் லெட்டர்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திங்கட்கிழமை அவள் சொன்னபடியே அங்கிளிடம் கேட்டேன். நல்லா இருக்கீங்களா? இருக்கேன்மா. மருந்து? சாப்பிட்டேன். கீழே விழுந்தீங்களா? இல்லம்மா. எல்லாக் கட்டத்திலும் பச்சைக் குறி, இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. செவ்வாயும் அதே, புதனும் அதே, வியாழனும் அதே.

வெள்ளிக்கிழமை அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. லெட்டராவது மண்ணாங்கட்டியாவது என்று கேட்டுவிட்டேன்.

"அங்கிள், இன்னைக்கு என்ன சமையல்?"

"ரொட்டி இருந்துச்சும்மா."

"நேத்து?"

"அதே ரொட்டிதான்."

"அதுக்கு முந்தின நாள்?"

அழுதுவிட்டார். திங்கட்கிழமை விடியும்போதே குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். சொன்னால் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று பயந்து, ஐந்து நாளாகச் சுவரைப் பிடித்து நகர்ந்திருக்கிறார். உடனே ஆம்புலன்ஸ் அனுப்பினோம். இடுப்பெலும்பில் இருந்த விரிசல், நடமாடியதில் விலகிவிட்டதாம். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் நடந்தே வீடு திரும்பியிருப்பார் என்றார் டாக்டர்.

மேற்பார்வையாளர் பதிவைத் திறந்து காட்டினாள். "பாருங்கக்கா, நாலு நாளும் விழலன்னு அவரேதான் சொல்லியிருக்கார். நம்ம சைட்ல தப்பே இல்ல."

அந்த நான்கு நாளும் பச்சைக் குறி போட்டது என் விரல். வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். எட்டு வருடமாகத் தெரிந்த வேலையை ஒரு காகிதத்துக்குப் பயந்து தெரியாதவள் மாதிரி செய்தேனே! ஆனால் மீதிக் கோபத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலை தெரிந்தவளின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தால் வயிறு எரியாதா? அடுத்த வாரம் திரையில் ஏழாவது கேள்வி ஒன்றைச் சேர்த்தார்கள்: இன்று சமைத்தீர்களா? ஆம், இல்லை.

அங்கிள் இப்போது சுவா சூ காங் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க அங்கிள்?"

"நல்லா இருக்கேன்மா."

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.