இருபத்தொரு காகிதங்கள்

தாராவியில் எங்கள் சந்து வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். இங்கேயே தொடர்ந்து வசித்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத்தான் அதில் வீடு. அடுத்த அறையில் தோல் பை தைப்பவள் கொடுத்திருந்த சான்றுகளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை திட்ட அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. படித்துச் சொல்லக் கேட்டு என்னிடம் கொண்டுவந்தாள்.

அவள் தந்த காகிதங்கள் தொடர்ந்து வசித்ததற்குச் சான்றாக ‘ஆட் அப்’ ஆகவில்லை, அதாவது கூட்டிப் பார்த்தால் தேறவில்லை, என்று எழுதியிருந்தது.

“பதினாலு காயிதம் குடுத்தேன் அண்ணாச்சி. கூட்டிப் பாக்கத் தெரியாதாக்கும் அவனுக்கு?”

எத்தனை என்பதல்ல, எல்லாம் சேர்ந்து என்ன தேறுகிறது என்பதுதான் கேள்வி என்றேன். புத்தகங்களில் அந்த ஆங்கிலச் சொற்களை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், எழுதியதில்லை.

காகிதங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பினோம். சமையல் கேஸ் புத்தகம், தடுப்பூசி அட்டை, பள்ளி மதிப்பெண் பட்டியல். ஒரு வருடம் மட்டும் வெறும் தரையாக இருந்தது. அந்த வருடத்து என் நாட்குறிப்பை எடுத்தேன். ‘அடுத்த அறை பூட்டு. பிரசவத்துக்குக் கல்யாண் ஊரில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.’ அவள் கணவர் அப்போது குஜராத்தில் வேலையில் இருந்தார். ஏழு மாதம் கழித்து, ‘திறந்தது.’

“அத எழுதிராதிய. எல்லாம் கெட்டுரும்.”

“எழுதாட்டாலும் அந்த எடம் காலியாத்தான கெடக்கு?”

பக்கங்களைப் புரட்டியபோது மாதம் ஒரு வரி அகப்பட்டது: ‘அடுத்த அறை லைட் பில் கட்டினேன். ரசீது கதவுக்கடியில்.’ கட்டச் சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான்.

“இருக்கு!” என்று எழுந்து ஓடினாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து ஏழு ரசீதுகளும் வந்தன.

பதில் கடிதத்தில் கல்யாணை மறைக்கவில்லை. பிரசவத்துக்குப் போனது, அறையை விடாமல் பூட்டி வைத்தது, பில் கட்டியது, திரும்பி வந்தது. இவையெல்லாம் சேர்ந்து தொடர்ந்த வசிப்பாகவே ‘ஆட் அப்’ ஆகின்றன என்று முடித்தேன்.

“இதுல கல்யாண் எங்க இருக்கு?”

விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீடு கெடைக்கலேன்னா, ஒங்களுக்குக் குடுக்குற வீட்லதான் பிள்ளைகளோட வந்து ஒக்காருவேன். சொல்லிட்டேன்.”

கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை, பதில் வந்தது. அவள் பெயர் வீடு பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டது என்று வாசித்தேன். கடிதத்தை வாங்கிப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரே வரிதானா? இருவத்தோரு காயிதத்துக்கு?”